ஆதார் நகல் கேட்கிறார்கள்: முழு ஜெராக்ஸா, மறைத்த ஆதாரா, விஐடியா, வேறு அட்டையா?

"வீட்டு ஓனர் எங்கள் இரண்டு பேரின் ஆதாரையும் வாட்ஸ்அப்பில் போடச் சொல்கிறார், போடலாமா?" "லாட்ஜில் மறைத்த ஆதாரை வாங்க மாட்டேன் என்கிறார்கள், என்ன செய்வது?" "விஐடி என்று ஒன்று இருக்கிறதாமே, அதைக் கொடுத்துவிட்டால் போதுமா?" தனியுரிமை பற்றி எதை எழுதினாலும் வாசகர்களிடமிருந்து கடைசியில் வந்து சேர்வது இந்தக் கேள்விகள்தான். கடவுச்சொல், வைரஸ் எல்லாம் அப்புறம். நம் ஊரில் தனிப்பட்ட தகவல் அதிகம் கசிவது கவுன்டரில் நீட்டும் அந்த ஒரு தாளில்.

மக்கள் குழம்புவதில் ஆதார் ஆணையத்துக்கும் பங்கு உண்டு. 2022 மே 27 அன்று அதன் பெங்களூரு மண்டல அலுவலகம், ஆதார் நகலை யாரிடமும் கொடுக்காதீர்கள், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்று அறிக்கை விட்டது. நாடு முழுக்க பரபரப்பு. இரண்டே நாளில், மே 29 அன்று, தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது என்று சொல்லி அந்த அறிக்கை திரும்பப் பெறப்பட்டது. வழக்கமான எச்சரிக்கையோடு இருந்தால் போதும் என்றார்கள். கவுன்டரில் நிற்பவருக்கு அந்த வழக்கமான எச்சரிக்கை எது என்பதுதானே கேள்வி? அதற்குத்தான் இந்த ஒப்பீடு.

## எதை வைத்து எடை போடுவது

நான்கு விஷயங்களைப் பார்க்கிறேன்.

முதலாவது, தாளோடு என்னென்ன வெளியே போகிறது. ஆதார் என்றதும் எல்லோரும் 12 இலக்க எண்ணை நினைக்கிறார்கள். அதோடு படம், பிறந்த தேதி, முகவரி, அப்பா அல்லது கணவர் பெயர் ஆகியவையும் சேர்ந்தே போகின்றன.

இரண்டாவது, தப்பான கைக்குப் போய்விட்டால் மாற்ற முடியுமா. ஏடிஎம் பின்னை மாற்றலாம், சிம்மை மாற்றலாம். ஆதார் எண் ஆயுளுக்கும் ஒன்றுதான்.

மூன்றாவது, கவுன்டரில் எடுபடுமா. சட்டப்படி சரியாக இருந்தும் ராத்திரி பதினோரு மணிக்கு லாட்ஜ்காரர் ஒத்துக்கொள்ளாத ஒரு வழியால் நமக்குப் பயனில்லை.

நான்காவது, மறைமுகச் செலவு. அலைச்சல், நேரம், ஓடிபி வராத தலைவலி, வீட்டில் இருக்கும் பெரியவர்களால் தனியாகச் செய்ய முடியுமா என்பதெல்லாம் இதில் அடக்கம்.

இந்த நான்குக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எதிரில் இருப்பவர் நம்மைப் பார்த்து உறுதி செய்துகொள்ளப் போகிறாரா, அல்லது ஆணையத்தின் கணினியோடு இணைத்துச் சரிபார்க்கப் போகிறாரா? வங்கி, சிம் கடை, ரேஷன் கடை எல்லாம் இரண்டாவது வகை. லாட்ஜ், வீட்டு ஓனர், அபார்ட்மென்ட் வாட்ச்மேன், பயிற்சி வகுப்பு, கூரியர் அலுவலகம் எல்லாம் முதல் வகை. முதல் வகைக்காரர்களுக்கு உங்கள் ஆதார் எண்ணால் ஒரு பயனும் கிடையாது. அதை வைத்து எதிரில் நிற்பவர் நீங்கள்தானா என்று அவர்களால் சரிபார்க்க முடியாது, ஃபைலில் போட்டு வைக்க மட்டும்தான் முடியும்.

2019 திருத்தத்துக்குப் பிறகு ஆதார் சட்டத்தில் 8ஏ என்ற பிரிவு இருக்கிறது. ஆணையத்தின் கணினியோடு இணைக்காமல் ஆஃப்லைனில் ஆதாரைச் சரிபார்க்கும் யாரும் ஆதார் எண்ணைச் சேகரிக்கவோ, பயன்படுத்தவோ, சேமித்து வைக்கவோ கூடாது என்று அது சொல்கிறது. அதற்கு முன் 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, வங்கிக் கணக்குக்கும் மொபைல் இணைப்புக்கும் ஆதாரைக் கட்டாயப்படுத்த முடியாது என்றும் பள்ளிச் சேர்க்கைக்கும் அது கட்டாயமில்லை என்றும் தீர்ப்பளித்திருந்தது. வருமான வரி, பான் இணைப்பு, அரசு மானியங்கள் ஆகியவற்றுக்குச் செல்லும் என்றது. காகிதத்தில் நாம் பலமாகத்தான் இருக்கிறோம். கவுன்டரில்தான் பலவீனம்.

## எண் வெளியே போனால் என்ன ஆகும்

எண் மட்டும் தெரிந்தால் உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியாது. இதை ஆணையம் திரும்பத் திரும்பச் சொல்கிறது, அது உண்மையும்கூட. ஆனால் எண் தனியாக இருப்பதில்லையே.

கிராமங்களில் வங்கி முகவர்கள் கையில் ஒரு சின்ன இயந்திரம் வைத்துக்கொண்டு பணம் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏஇபிஎஸ் என்பார்கள். வங்கியின் பெயர், ஆதார் எண், கைரேகை மூன்றும் இருந்தால் போதும். ஓடிபி கிடையாது, பின் கிடையாது. கைரேகையை எப்படித் திருடுவார்கள் என்று கேட்கலாம். 2018-ல் தெலங்கானாவில் ஒருவர், பதிவுத்துறை இணையதளத்தில் கிடைத்த நிலப் பத்திரங்களிலிருந்து கைரேகைகளை எடுத்து அச்சு செய்து, அதை வைத்து சிம் கார்டுகளை ஆக்டிவேட் செய்து பிடிபட்டார். அதே வித்தை பிறகு ஏஇபிஎஸ் மோசடிகளிலும் வந்தது.

இன்னொரு வகைத் தொல்லைக்குக் கைரேகைகூட வேண்டாம். கடன் வாங்கித் தருகிறோம் என்று கூலித் தொழிலாளிகளிடம் ஆதார், பான் நகல்களை வாங்கி, அவர்கள் பெயரில் போலி நிறுவனம் பதிவு செய்துவிடுகிறார்கள். பிறகு கோடிக்கணக்கில் ஜிஎஸ்டி பாக்கி என்று அந்தக் குடிசைக்கு நோட்டீஸ் வருகிறது. தமிழ்நாட்டுச் செய்திகளில் இதைப் பலமுறை படித்திருக்கிறோம். ஆதார் நகலோடு பான் நகலும் ஒரே ஃபைலில் சேர்வதுதான் இதில் ஆபத்தான கட்டம். இரண்டையும் ஒரே தாளில் முன்னும் பின்னுமாக ஜெராக்ஸ் எடுத்து வைத்திருப்பவர்கள் அந்தப் பழக்கத்தை இன்றே விடலாம்.

## 1. முழு ஜெராக்ஸ், கையெழுத்தோடு

நம் ஊரில் இதுதான் வழக்கம். எங்கும் எடுபடும், இரண்டு ரூபாயில் முடியும், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். அதனால்தான் இத்தனை பேர் இதையே கொடுக்கிறார்கள்.

போவது என்ன? எல்லாம். திரும்ப வருமா? வராது. லாட்ஜில் கொடுத்த நகல் சில வருடம் மேசைக்கு அடியில் கிடந்து, பிறகு பழைய பேப்பர் கடைக்குக் கிலோ கணக்கில் போகிறது. பொட்டலம் மடித்த தாளில் யாரோ ஒருவரின் ஆதார் நகல் இருப்பது நம் ஊரில் ஆச்சரியமான காட்சி இல்லை.

மறைமுகச் செலவு ஜெராக்ஸ் கடையிலேயே தொடங்கிவிடுகிறது. "இந்த நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணிடுங்க அக்கா" என்று சுவரில் ஒட்டிய எண்ணைக் காட்டுவார் கடைக்காரர். நீங்கள் அனுப்பும் பிடிஎஃப், கடைக் கணினியில் எப்போதும் திறந்தே இருக்கும் வாட்ஸ்அப் வெப்பில் விழும். அவர் அதை டவுன்லோட் செய்து பிரின்ட் போடுவார். அந்த டவுன்லோட்ஸ் ஃபோல்டரை ஒருமுறை எட்டிப் பாருங்கள். தெருவில் பாதிப் பேரின் ஆதார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம் எல்லாம் வரிசையாக இருக்கும். கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். அந்தக் கணினியில் யார் யாரோ பென்டிரைவ் செருகுகிறார்கள்.

பிடிஎஃப்புக்குத்தான் பாஸ்வேர்டு இருக்கிறதே என்பீர்கள். ஆணையத் தளத்திலிருந்து இறக்கும் இ-ஆதாரின் பாஸ்வேர்டு, ஆங்கிலப் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும் சேர்ந்தது. உங்களைத் தெரிந்த எவரும் ஊகித்துவிடலாம். ஊகிக்கவே தேவையில்லாதபடி நாமே அதையும் அடுத்த மெசேஜில் அனுப்பிவிடுகிறோம்.

நகலின் குறுக்கே "வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்" என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திடும் பழக்கம் நல்லதுதான். படத்தையும் எண்ணையும் தொட்டுக்கொண்டு போகும்படி எழுதினால் வேறு வேலைக்கு அந்தத் தாளைப் பயன்படுத்துவது சிரமமாகும். ஆனால் எண் அப்படியே தெரியும். பூட்டுப் போட்டது போன்ற நிம்மதி இதில் கிடைக்குமே தவிர, பாதுகாப்பு அரைவாசிதான்.

எப்போது இது சரி? வேறு எதையும் வாங்க மாட்டேன் என்று அரசு அலுவலகம் பிடிவாதமாக நிற்கும்போது, நகல் அதே துறைக் கோப்பில்தான் போய்ச் சேரும் என்று தெரியும்போது. மற்ற இடங்களில் இதை நான் கடைசி வழியாக மட்டுமே வைப்பேன்.

## 2. மறைத்த ஆதார்

மாஸ்க்டு ஆதார் என்று சொன்னால் பலருக்குப் புரியும். முதல் எட்டு இலக்கங்கள் குறுக்குக் குறிகளாக மாறி, கடைசி நான்கு மட்டும் தெரியும். ஆணையத்தின் மைஆதார் தளத்தில் ஓடிபி போட்டு நுழைந்து, ஆதாரை டவுன்லோட் செய்யும் இடத்தில் மறைத்த ஆதார் வேண்டுமா என்று கேட்கும் கட்டத்தில் டிக் அடித்தால் கிடைக்கும். கட்டணம் கிடையாது.

எண் போகாது என்பது பெரிய லாபம். ஆனால் படம், பிறந்த தேதி, முகவரி எல்லாம் போகத்தான் செய்யும். முகவரி தெரியக் கூடாது என்று நினைக்கும் பெண்களுக்கு, உதாரணமாகத் தனியாக வெளியூரில் தங்குபவர்களுக்கு, மறைத்த ஆதாரால் அந்தக் கவலை தீராது. இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

கவுன்டரில் எடுபடுமா? இழுபறிதான். "சார், ஃபுல் நம்பர் தெரியணும், போலீஸ் செக்கிங் வரும்" என்பது லாட்ஜ்களின் வழக்கமான பதில். பல இடங்களில் வரவேற்பில் இருக்கும் பையனுக்கே அது மறைத்த ஆதார் என்று தெரியாது, பிரின்ட் சரியாக விழவில்லை என்று நினைப்பார். "இது கவர்மென்ட் சைட்லயே இறக்கினதுதான் தம்பி, க்யூஆர் ஸ்கேன் பண்ணிப் பாருங்க" என்று சொன்னால் பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள். மீதிப் பேரிடம் வாதாடுவதற்குப் பதில், கீழே சொல்லும் வேறு அட்டை உங்கள் பையில் இருப்பது நல்லது.

வங்கியில் உங்கள் வாதம் வலுவானது. ஆதார் வழி ஆன்லைன் சரிபார்ப்பு தேவைப்படாத இடத்தில் வாடிக்கையாளர் ஆதார் நகல் கொடுத்தால், எண்ணை மறைத்துத் தருவதை வங்கியே உறுதி செய்ய வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கியின் கேஒய்சி, அதாவது வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்ப்பதற்கான வழிகாட்டுதல்.

தளத்திலிருந்து இறக்காமல் பழைய நகலில் மார்க்கர் பேனாவால் அடிக்கிறவர்கள் நிறைய. அதில் ஏமாறும் இடங்கள் மூன்று உண்டு.

ஒன்று, தபாலில் வந்த நீள ஆதார் தாளில் எண் ஓரிடத்தில் மட்டும் இருக்காது. முன்பக்கம் அடித்துவிட்டுப் பின்பக்கத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

இரண்டு, அடித்த தாளையே கொடுத்தால் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து எண்ணைப் படித்துவிடலாம். அடித்த தாளை இன்னொரு ஜெராக்ஸ் எடுத்து, அதைத்தான் கொடுக்க வேண்டும். மொபைலில் தூரிகையால் அடிப்பதிலும் இதே சிக்கல் உண்டு. ஹைலைட்டர் மாதிரியான கருவியால் நாலைந்து முறை தேய்த்தால் கறுப்பாகத் தெரியும், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் கீழே இருப்பது எழுந்து வரும். கறுப்புக் கட்டத்தை வைத்து மூடி, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள்.

மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது. 2018 வாக்கில் ஆணையத்தின் டிஜிட்டல் கையொப்பமிட்ட புது க்யூஆர் வந்தது. அதற்கு முந்தைய பழைய அட்டைகளின் க்யூஆரில் முழு ஆதார் எண் திறந்த எழுத்தில் இருக்கும், சாதாரண ஸ்கேனர் செயலியே காட்டிவிடும். எண்ணை அடித்துவிட்டு க்யூஆரை விட்டு வைத்தால் அடித்ததற்கு அர்த்தமே இல்லை. புது க்யூஆரில் முழு எண் கிடையாது. அதனால் பழைய அட்டை வைத்திருப்பவர்கள் மறைத்த ஆதாரைப் புதிதாக இறக்கிக்கொள்வதே நல்லது.

என் தேர்வு என்று கேட்டால், பார்த்து உறுதி செய்யும் இடங்கள் எல்லாவற்றுக்கும் முதல் வழி இதுதான். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் உட்கார்ந்து இறக்கி, நாலைந்து பிரின்ட் எடுத்து வையுங்கள். பிரின்டர் இல்லையென்றால் கடைக்குப் போகும்போதும் மறைத்த பிடிஎஃப்பையே கொண்டுபோகலாம், அதுவும் ஒரு லாபம்.

## 3. விஐடி

16 இலக்கம் கொண்ட மாற்று எண். 2018 ஜனவரியில் ஆணையம் அறிவித்தது. ஆதார் எண்ணுக்குப் பதில் இதைக் கொடுக்கலாம், இதிலிருந்து ஆதார் எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது, வேண்டாம் என்றால் புது விஐடி எடுத்துக்கொள்ளலாம், பழையது செத்துவிடும். இரண்டாவது அளவுகோலில், அதாவது மாற்ற முடியுமா என்பதில், இதை அடிக்க வேறு வழி கிடையாது.

எடுப்பதும் சுலபம். மைஆதார் தளத்தில் எடுக்கலாம். இல்லையென்றால் பதிவு செய்த மொபைலிலிருந்து, ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஜிவிஐடி என்று டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, ஆதாரின் கடைசி நான்கு இலக்கத்தைப் போட்டு ஆணையத்தின் 1947 எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் பதிலில் வந்துவிடும்.

ஆனால் இது ஆன்லைன் சரிபார்ப்புக்கு மட்டும்தான். லாட்ஜிலோ வீட்டு ஓனரிடமோ 16 இலக்கத்தைச் சொன்னால் வேலைக்காகாது, அவர்களிடம் அதைச் சரிபார்க்க வழியில்லை. வங்கி ஆப்பில் வீடியோ கேஒய்சி செய்யும்போது, சிம் வாங்கும்போது, ஆதார் எண் அல்லது விஐடி என்று திரையில் கேட்கிற இடங்களில் பயன்படுத்தலாம். கடை ஊழியருக்கு இது தெரிந்திருக்காது. திரையை நம் பக்கம் திருப்பச் சொல்லி நாமே டைப் செய்வது நல்லது.

## 4. க்யூஆர், செயலி, ஆஃப்லைன் கோப்பு

தொழில்நுட்பத்தில் சிறந்த வழி இதுதான். இ-ஆதாரின் க்யூஆரில் ஆணையத்தின் டிஜிட்டல் கையொப்பம் இருப்பதால், ஸ்கேன் செய்பவர் போலியா இல்லையா என்று நிஜமாகவே உறுதி செய்துகொள்ள முடியும். ஜெராக்ஸில் அந்த உறுதி கிடையாது. ஃபோட்டோஷாப் தெரிந்த யாரும் ஒரு ஆதார் ஜெராக்ஸைத் தயாரித்துவிடலாம் என்பதை நகல் கேட்பவர்கள் யோசிப்பதே இல்லை.

2025 நவம்பரில் ஆணையம் ஆதார் என்ற பெயரிலேயே புதுச் செயலி ஒன்றை வெளியிட்டது. எந்த விவரத்தைக் காட்டுவது என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். தாள் எதுவும் கைமாறாது. இது பரவினால் மேலே எழுதிய பாதிப் பிரச்சினை தீரும். இப்போதைக்குத் திருவண்ணாமலையில் கிரிவலத்துக்குப் போய் ரூம் கேட்கும் இடத்தில் செயலியைக் காட்டினால், "ஜெராக்ஸ் இருந்தா கொடுங்க சார்" என்பதுதான் பதில். பெரிய ஓட்டல்கள், நிறுவன வாசல்கள் போன்ற இடங்களில் கேட்டுப் பார்க்கலாம்.

பாஸ்வேர்டு போட்ட ஆஃப்லைன் கேஒய்சி கோப்பும் ஒன்று உண்டு. அதிலும் ஆதார் எண் இருக்காது. நிறுவனங்கள் கேட்டால் கொடுங்கள், தெருக்கடையில் யாரும் கேட்கப் போவதில்லை.

## 5. வேறு அட்டை

"அடையாள அட்டை ஏதாவது கொடுங்க" என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். நாம்தான் உடனே ஆதாரை எடுத்து நீட்டுகிறோம். பழகிவிட்டது.

வாக்காளர் அட்டையை நான் முதலில் வைப்பேன். காரணம் எளிது. பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது எல்லாம் வாக்காளர் பட்டியலில் ஏற்கெனவே ஊரறிய இருக்கின்றன. அட்டை கொடுப்பதால் புதிதாகப் போவது குறைவு. பழைய அட்டைகளில் முழுப் பிறந்த தேதிக்குப் பதிலாக இன்ன வருடம் ஜனவரி 1 அன்று வயது இத்தனை என்று மட்டுமே இருக்கும், அது இன்னும் நல்லது. வங்கிக் கணக்கோடும் கைரேகையோடும் அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. குறை என்னவென்றால் அதில் இருக்கும் படம். நம்மையே நமக்கு அடையாளம் தெரியாத அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால் கோபப்பட முடியாது.

ஓட்டுநர் உரிமம் லாட்ஜ்களில் நன்றாக எடுபடும். முகவரி, பிறந்த தேதி இருக்கிறது, டிஜிலாக்கரிலும் காட்டலாம். ஆனால் உரிம எண்ணும் பிறந்த தேதியும் இருந்தால் அரசின் போக்குவரத்துத் தளமான பரிவாகனில் அதன் நிலவரத்தைப் பார்க்கலாம், இரண்டும் ஒரே அட்டையில் அச்சாகியிருக்கின்றன. பெரிய ஆபத்து என்று சொல்ல மாட்டேன். வண்டி ஓட்டாத அம்மாக்களுக்கும் தாத்தாக்களுக்கும் இந்த வழியே இல்லை என்பதுதான் நிஜமான குறை.

பான் கார்டைக் கண்ட இடத்தில் கொடுக்கவே கூடாது. முகவரி இல்லாததால் பல இடங்களில் எப்படியும் வாங்க மாட்டார்கள். ஆனால் கடன், வரி, சிபில் ஸ்கோர் எல்லாம் அந்தப் பத்து எழுத்தில்தான் தொங்குகின்றன. அதில் உங்கள் கையெழுத்தும் இருக்கிறது. ஆதாருக்குப் பயந்து பானைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது சின்னத் தொல்லைக்குப் பயந்து பெரிய தொல்லையை வாங்குவது. பாஸ்போர்ட்டின் எண் புதுப்பிக்கும்போது மாறும் என்பது நல்ல விஷயம், ஆனால் கடைசிப் பக்கத்தில் பெற்றோர் பெயர், முகவரி என்று குடும்பக் கதையே இருக்கும். வெளிநாட்டுப் பயணத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | என்ன போகிறது | மாற்ற முடியுமா | கவுன்டரில் எடுபடுமா | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|
| முழு ஜெராக்ஸ் | எல்லாம் | முடியாது | எங்கும் | நகல் எங்கே போகும் என்று தெரியாது |
| மறைத்த ஆதார் | எண் தவிர மற்றவை | எண் போகவே இல்லை | பாதி இடங்களில் வாதாட வேண்டும் | ஓடிபி வர மொபைல் இணைந்திருக்க வேண்டும் |
| விஐடி | சரிபார்ப்புக்குத் தேவையானது | எப்போது வேண்டுமானாலும் | வங்கி, சிம் போன்ற இடங்களில் மட்டும் | ஊழியருக்குத் தெரியாது |
| க்யூஆர், செயலி | நாம் தேர்ந்தெடுப்பது | தாள் கைமாறாது | இன்னும் பரவவில்லை | ஸ்மார்ட்போன் வேண்டும் |
| வாக்காளர் அட்டை | பெரும்பாலும் ஏற்கெனவே வெளியில் இருப்பது | எண் பொதுவாக மாறாது | பெரும்பாலும் | பழைய படம் |
| ஓட்டுநர் உரிமம் | முகவரி, பிறந்த தேதி | எண் பொதுவாக மாறாது | நன்றாக | எல்லோரிடமும் இல்லை |

மறைத்த ஆதார், விஐடி, செயலி மூன்றுக்கும் ஆதாரோடு இணைந்த மொபைல் எண் உயிரோடு இருக்க வேண்டும். அந்தப் பழைய சிம்மை விட்டுவிட்டவர்கள் முதலில் ஆதார் மையத்தில் எண்ணை மாற்ற வேண்டும். சின்னக் கட்டணமும் ஒரு நாள் வரிசையும் ஆகும். ஊரில் இருக்கும் பெற்றோருக்கு இதுதான் முதல் வேலை, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

## எந்த இடத்தில் எதை

லாட்ஜ், விடுதி: ஓட்டுநர் உரிமம் அல்லது வாக்காளர் அட்டை. இல்லையென்றால் மறைத்த ஆதார் பிரின்ட், தேதியும் லாட்ஜ் பெயரும் குறுக்கே எழுதி.

வீட்டு ஓனர்: "தம்பி, ரெண்டு பேர் ஆதாரும் போட்டு விடுங்க" என்று கேட்பவரிடம் சட்டம் பேசினால் வீடு கிடைக்காது. மறைத்த ஆதாரை, குறுக்கே எழுதிய படமாக அனுப்புங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன், வீடு பார்க்கும் கட்டத்திலேயே புரோக்கர் கேட்டால் எதையும் அனுப்ப வேண்டாம். வீடு அமைந்தால் ஓனருக்கு நேரடியாகக் கொடுங்கள், புரோக்கர் ஃபோனில் அது இருக்க வேண்டிய அவசியமில்லை.

சிம்: 2024 ஜனவரி 1 முதல் காகித வழி கேஒய்சி நிறுத்தப்பட்டுவிட்டது. ஜெராக்ஸ் கேட்டால் கொடுக்காதீர்கள். ரேகை வைக்கும்போது "விழலை, இன்னொரு தடவை வைங்க" என்றால் திரையைப் பாருங்கள். முதல் முறையே விழுந்து, இரண்டாவது ரேகையில் உங்கள் பெயரில் இன்னொரு சிம் போடும் மோசடி பழையது. தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று பார்க்கலாம், தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

புது வேலை: பிஎஃப் கணக்குக்கு எண் தேவைப்படும், அதை மறுக்க முடியாது. நிறுவனத்தின் தளத்தில் நீங்களே எண்ணைப் பதிவு செய்துவிட்டு, ஃபைலுக்கு மறைத்த நகல் கொடுக்கலாமா என்று கேளுங்கள். இன்டர்வியூ கட்டத்திலேயே ஆதார், பான் இரண்டையும் மெயிலில் கேட்கும் கன்சல்டன்சிக்கு வேலை கையில் வரும்வரை எதையும் அனுப்பாதீர்கள்.

பள்ளி: இருந்தால் கொடுங்கள் என்று கேட்கலாம், இல்லையென்று சேர்க்கையை மறுக்க முடியாது.

அபார்ட்மென்ட் வாசல்: காட்டினால் போதும். நோட்டுப் புத்தகத்தில் எண்ணை எழுதச் சொன்னால் கடைசி நான்கு இலக்கம் தாராளம்.

## ஏற்கெனவே ஊரெல்லாம் கொடுத்தாயிற்றே?

நம்மில் பெரும்பாலோரின் நிலைமை இதுதான், எண்ணைத் திரும்பப் பெற வழியில்லை. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன, நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசமும் இருக்கிறது. அதை நம்பிக் காத்திருக்காமல் நம் பக்கம் கதவைச் சாத்துவதுதான் வழி.

மைஆதார் தளத்திலோ செயலியிலோ பயோமெட்ரிக் பூட்டுப் போடலாம். போட்டுவிட்டால் உங்கள் கைரேகையை யார் அச்சு எடுத்து வைத்திருந்தாலும் ஏஇபிஎஸ்ஸில் வேலை செய்யாது. இதற்கும் மறைமுகச் செலவு உண்டு. ரேஷன் கடையில் ரேகை விழாது, ஓய்வூதியக்காரர்களின் டிஜிட்டல் வாழ்நாள் சான்றும் நிற்கும். போகும் முன் சிறிது நேரத்துக்குப் பூட்டைத் திறந்துகொள்ளலாம், தானாக மறுபடி பூட்டிக்கொள்ளும். ரேஷனுக்குக் குடும்பத்தில் யாராவது ஒருவர் ரேகை போதும் என்பதால், கடைக்குப் போகிறவரை விட்டுவிட்டு மற்றவர்கள் பூட்டிவிடலாம். ஸ்மார்ட்போன் இல்லாத தாத்தா மட்டும்தான் ரேஷனுக்குப் போகிறார் என்றால் அவருக்குப் பூட்டு வேண்டாம், வங்கிக் கிளையில் எழுதிக் கொடுத்து அவர் கணக்கில் ஏஇபிஎஸ்ஸை நிறுத்த முடியுமா என்று கேளுங்கள்.

அதே தளத்தில், கடந்த 6 மாதத்தில் உங்கள் ஆதார் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியல் கிடைக்கும். மின்னஞ்சலை இணைத்து வைத்தால் ஒவ்வொரு சரிபார்ப்புக்கும் தகவல் வரும். நீங்கள் போகாத தேதியில் ஏதாவது இருந்தால் 1947-க்குக் கூப்பிடுங்கள். பணம் போயிருந்தால் அதற்கு முன் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு.